ஒருமுறை விடுவிக்கப்பட்டவர்: சேலெம் 1692 வழக்கு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில், சேலெம் ஊரிலும் அதைச் சுற்றியும் 1692-இல் நடந்த சூனிய வழக்குகளில் 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். நீதிமன்றத்தில் வழக்காட மறுத்த முதியவர் ஒருவர், உடலின்மேல் பாரக் கற்கள் அடுக்கப்பட்டு நசுங்கி இறந்தார். குறைந்தது ஐந்து பேர் சிறையிலேயே மாண்டார்கள். இந்த எண்ணிக்கைகள் பலரும் அறிந்தவை. தூக்கிலிடப்பட்ட 19 பேரில் ஒருவரை ஜூரி (ஊரார் பன்னிரண்டு பேர் கொண்ட தீர்ப்புக் குழு) முதலில் குற்றமற்றவர் என்று அறிவித்ததும், அன்றே அதே ஜூரி அவரைக் குற்றவாளி என்று மாற்றிச் சொன்னதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சரியாக எடுக்கப்பட்ட ஒரு முடிவு எந்தெந்தக் கைகள் வழியாகச் சென்று தவறானதாக ஆயிற்று என்பதே இங்கே ஆராயப்படுகிறது. குற்றம் சாட்டப்பட்டவரையும் அவர் குடும்பத்தாரையும் சாட்சிகளையும் பெயர் சொல்லாமல், அரசுப் பதவியில் இருந்தவர்களை மட்டும் பெயரோடு குறிப்பிடுகிறேன். நாட்கள் அக்காலத்துப் பழைய நாட்காட்டியின்படி தரப்பட்டுள்ளன.

பின்னணி

மாசசூசெட்ஸில் குடியேறிய பியூரிட்டன் மக்களுக்கு, அதாவது கண்டிப்பான ஆங்கிலப் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்களுக்கு, பாவமும் குற்றமும் ஏறக்குறைய ஒன்றே. குடியேற்றத்தின் 1641-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு மரண தண்டனைக்குரிய குற்றங்களைப் பட்டியலிட்டு, அவற்றுக்கு வேதாகம வசனங்களை ஆதாரமாகக் காட்டியது. சூனியத்துக்குக் காட்டப்பட்ட வசனங்களில் ஒன்று, "சூனியக்காரியை உயிரோடே வைக்க வேண்டாம்" என்ற யாத்திராகமக் கட்டளை. அந்தத் தொகுப்பைக் கொடுமையின் ஏடாக மட்டும் வாசிப்பது நியாயமாகாது. இரண்டு அல்லது மூன்று சாட்சிகளோ அதற்கு இணையான ஆதாரமோ இல்லாமல் எவரையும் கொல்லலாகாது என்று அது விதித்தது. கசையடி நாற்பதைத் தாண்டக்கூடாது என்றது. சாட்சியம் தெளிவில்லாமல் இருந்தால் குற்றவாளி என்றோ குற்றமற்றவர் என்றோ சொல்லாமல், 'தெளிவில்லை' என்று அறிவிக்கும் உரிமையைக்கூட ஜூரிக்கு அளித்தது.

சிறு குற்றங்களுக்கு அபராதம், கசையடி, கால்களை மரச்சட்டத்தில் பூட்டி ஊர் நடுவே உட்காரவைத்தல் ஆகியவை வழக்கமான தண்டனைகள். திருச்சபையின் முன் நின்று பாவ அறிக்கை செய்து மனந்திரும்பியவரை மறுபடியும் சேர்த்துக்கொள்வதே அந்த முறையின் மையமாக இருந்தது. 1692-இல் சூனியம் செய்ததாக ஒப்புக்கொண்டு அதில் நிலைத்து நின்ற எவரும் தூக்கிலிடப்படவில்லை என்பதும், மறுத்தவர்களே தூக்கிலிடப்பட்டார்கள் என்பதும் இந்தப் பின்னணியில்தான் விளங்கும். வெறும் முரண்பாடாக இவற்றைக் கடந்துபோனால் அந்தச் சமூகத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

குடியேற்றத்தின் பழைய அரச சாசனம் 1684-இல் ரத்தாகியிருந்தது. புதிய சாசனத்தோடு ஆளுநர் வில்லியம் ஃபிப்ஸ் பாஸ்டனில் வந்திறங்கியது 1692 மே 14-ஆம் நாள். அதற்குள் சிறைகள் நிரம்பியிருந்தன. வடக்கு எல்லையில் பிரெஞ்சுக்காரர்களோடும் அவர்களோடு சேர்ந்த பூர்வகுடிகளோடும் போர் நடந்துகொண்டிருந்தது. எல்லையூர்களிலிருந்து தப்பி வந்தவர்கள் சேலெம் வட்டாரத்தில் இருந்தார்கள். அச்சம் ஊரில் முன்பே குடியேறியிருந்தது.

குற்றம் சாட்டப்பட்டவர்

அவர் 71 வயது மூதாட்டி. இங்கிலாந்தில் பிறந்து குடியேறியவர். எட்டுப் பிள்ளைகளைப் பெற்றவர். சேலெம் நகரத் திருச்சபையின் உறுப்பினர். கணவர் மரத்தட்டு முதலிய வீட்டுச் சாமான்கள் செய்யும் தொழிலாளி. அந்தக் குடும்பம் 1678 முதல், நகரை அடுத்த சேலெம் கிராமத்தில் 300 ஏக்கர் பண்ணை ஒன்றைத் தவணை முறையில் வாங்கி வந்தது. உழைத்து மேலே வந்த குடும்பம் என்று சொல்லலாம். நில எல்லைகளைப் பற்றிய பழைய சச்சரவுகள் இருந்தன. கிராமத் திருச்சபையின் போதகருக்குச் சம்பள வரி விதிக்க மறுத்த கிராமக் குழுவில் 1691 அக்டோபர் முதல் கணவரும் இருந்தார். அந்தப் போதகரின் வீட்டில்தான் 1692-இன் தொடக்கத்தில் 9 வயது மகளுக்கும் 11 வயது உறவுக்காரச் சிறுமிக்கும் முதன்முதலில் வலிப்பு வந்தது.

இந்தப் பகையே வழக்கின் காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். பகை இருந்த வீடுகளிலிருந்து குற்றச்சாட்டு வந்தது என்பது உண்மை. அதை நம்பியவர்கள் பலருக்கு அந்தக் குடும்பத்தோடு எந்தப் பகையும் இருந்ததாகத் தெரியவில்லை.

முதலில் கவனிக்கப்பட்டவை

மார்ச் நடுவில் அவர் ஒரு வாரத்துக்கும் மேலாக நோயில் படுத்திருந்தார். அண்டை வீட்டார் சிலர் பார்க்கப் போனார்கள். அவர்கள் எதையும் சொல்வதற்கு முன்பே, துன்பப்படும் சிறுமிகளைப் பற்றி அவரே கவலையோடு விசாரித்தார். தம் பெயர் சொல்லப்படுவதை அவர்கள் தெரிவித்தபோது சிறிது நேரம் பேச்சற்று இருந்தார். பிறகு, தாம் இன்னும் பிறவாத குழந்தையைப்போலக் குற்றமற்றவர் என்றும், இந்த முதிய வயதில் இப்படி ஒரு துன்பத்தைத் தம்மேல் சுமத்துவதற்கு மனந்திரும்பாத எந்தப் பாவத்தைக் கடவுள் தம்மிடம் கண்டார் என்றும் சொன்னார். போனவர்கள் இதை எழுதிக் கையொப்பமிட்டு வைத்தார்கள்.

மார்ச் 24-ஆம் நாள் மாஜிஸ்திரேட்டுகள் ஜான் ஹாதோர்ன், ஜோனதன் கார்வின் ஆகியோர் கிராமத்தின் தொழுகைக் கூடத்தில் அவரை விசாரித்தார்கள். அன்றைய விசாரணைக் குறிப்புகளில் மூன்று செய்திகள் முக்கியமானவை. முதலாவது, குற்றம் சாட்டியவர்கள் அதே கூடத்தில் அவருக்கு எதிரே இருந்தார்கள். அவர் தலையைச் சாய்த்தால் அவர்கள் கழுத்தும் சாய்ந்தது. அதுவே சாட்சியமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. இரண்டாவது, அவருடைய 'ஆவியுரு' இரவில் வந்து தங்களைக் கிள்ளியது, அடித்தது என்பதே முதன்மையான குற்றச்சாட்டு. வேறு எவருக்கும் தெரியாத ஓர் உருவத்தைப் பற்றிய சாட்சியத்தை எப்படி மறுப்பது என்ற கேள்வியை அன்று யாரும் எழுப்பவில்லை. மூன்றாவது, இத்தனை வேதனையைக் கண்டும் கண்ணீர் இல்லாமல் நிற்கிறாரே என்று மாஜிஸ்திரேட்டு கேட்டார். தம் உள்ளம் உங்களுக்குத் தெரியாது என்று அவர் பதில் சொன்னார். அழாததும் குற்றத்தின் அடையாளமாயிற்று.

பின் வந்த நாட்களில் கிராமப் போதகர், "உங்களுக்குள்ளும் ஒருவன் பிசாசாயிருக்கிறான்" என்ற யோவான் சுவிசேஷ வசனத்தை எடுத்துப் பிரசங்கித்தார். மூதாட்டியின் தங்கைகளில் ஒருவர் பாதியில் எழுந்து வெளியேறினார். விரைவில் அவர்மீதும், மற்றொரு சகோதரிமீதும் குற்றம் சாட்டப்பட்டது.

காவலில் இருந்த மூன்று மாதங்கள்

குடும்பம் கைகட்டி இருக்கவில்லை. அக்கம்பக்கத்தார் ஏறத்தாழ நாற்பது பேர், இவரை நெடுநாளாக அறிவோம், இவர் நடத்தையில் இப்படிச் சந்தேகிக்க எதையும் நாங்கள் கண்டதில்லை என்று கையொப்பமிட்டுக் கொடுத்தார்கள். இவர்மீது புகார் கொடுத்த இருவரில் ஒருவரே இந்த மனுவிலும் கையெழுத்திட்டிருப்பது அதன் எடையைக் கூட்டுகிறது. ஊர் முழுவதும் ஒரே மனத்தோடு வெறிகொண்டது என்ற பொதுவான எண்ணத்தை இந்தத் தாள் ஒன்றே மறுக்கிறது.

ஜூன் 2-ஆம் நாள் பெண்கள் குழு ஒன்று அவர் உடலைச் சோதித்து, இயற்கைக்கு மாறான சதைப்பகுதி ஒன்று இருப்பதாகச் சொன்னது. சூனியக்காரியின் உடலில் பிசாசு பால் குடிக்கும் அடையாளம் இருக்கும் என்பது அக்கால நம்பிக்கை. அவர் ஜூன் 28-ஆம் நாள் நீதிமன்றத்துக்கு மனுச் செய்தார். சோதித்தவர்களில் மிக மூத்தவரும் கைதேர்ந்தவருமான பெண்மணி மற்றவர்களோடு உடன்படவில்லை என்றும், அது வயதாலும் பிரசவச் சிரமத்தாலும் வந்தது என்றும், வேறு பெண்களைக் கொண்டு மறுபடி சோதிக்க வேண்டும் என்றும் கேட்டார். மறுநாளே விசாரணை தொடங்கியது.

இதற்கிடையில் ஆளுநர் இந்த வழக்குகளுக்கென்று சிறப்பு நீதிமன்றம் ஒன்றை மே இறுதியில் அமைத்திருந்தார். துணை ஆளுநர் வில்லியம் ஸ்டௌட்டன் தலைமை நீதிபதி. முதலில் விசாரிக்கப்பட்ட பெண் ஜூன் 10-ஆம் நாள் தூக்கிலிடப்பட்டபின், நீதிபதி நத்தானியேல் சால்டன்ஸ்டால் விலகிக்கொண்டார். ஆளுநர் கேட்டுக்கொண்டபடி பாஸ்டன் வட்டாரப் போதகர்கள் ஜூன் 15-ஆம் நாள் ஆலோசனை எழுதிக் கொடுத்தார்கள். பிசாசு ஒரு நிரபராதியின் உருவிலும் தோன்றக்கூடும், ஆகவே ஆவியுருச் சாட்சியத்தை மிகுந்த எச்சரிக்கையோடு கையாள வேண்டும், விசாரணையில் கூச்சலும் கூட்டமும் இயன்றவரை இருக்கக்கூடாது என்றெல்லாம் எழுதிவிட்டு, கடைசிப் பத்தியில் வழக்குகளை விரைவாகவும் முனைப்பாகவும் நடத்தும்படி பரிந்துரைத்தார்கள். நீதிபதிகளின் நடத்தையில் வெளிப்பட்டது கடைசிப் பத்தி மட்டுமே.

விசாரணையும் முதல் முடிவும்

ஜூன் 29-இல் தொடங்கிய அமர்வில் ஐந்து பெண்கள் விசாரிக்கப்பட்டார்கள். மூதாட்டிக்கு வழக்கறிஞர் இல்லை. அக்கால ஆங்கிலச் சட்டம் இத்தகைய குற்றங்களில் அதை அனுமதிக்கவில்லை. அண்டை வீட்டு விதவை ஒருவர், தங்கள் பன்றிகள் தோட்டத்துக்குள் புகுந்ததற்காக இவர் வந்து திட்டினார் என்றும், சில நாட்களில் தம் கணவர் நோயுற்று, கொஞ்ச காலத்தில் இறந்தார் என்றும் சாட்சி சொன்னார். வலியில் துடிப்பதாக நடித்த ஒரு பெண், தன் உடையிலிருந்து குண்டூசிகளை எடுத்துத் தன் முழங்காலிலேயே குத்திக்கொண்டு, மூதாட்டி கிள்ளுகிறார் என்று கத்தியதைத் தாம் கண்ணால் கண்டதாக மூதாட்டியின் குடும்பத்துப் பெண் ஒருவர் எதிர்ச்சாட்சி அளித்தார்.

விசாரணையின் நடுவே, தாங்களும் சூனியக்காரர்களே என்று முன்பே ஒப்புக்கொண்டிருந்த ஒரு தாயும் மகளும் சாட்சிகளாகக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களைக் கண்டதும் மூதாட்டி, இவர்களா எனக்கு எதிராகச் சாட்சி சொல்வது, இவர்கள் எங்களோடு இருந்தவர்களாயிற்றே என்ற பொருளில் ஏதோ சொன்னார்.

ஜூரி குற்றமற்றவர் என்று அறிவித்தது. அந்த நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்ட வேறு எவரையும் ஜூரி குற்றமற்றவர் என்று அறிவிக்கவில்லை என்பதை நினைத்துப் பார்த்தால், பன்னிரண்டு பேரும் அன்று காட்டிய துணிவு சாதாரணமானதல்ல.

முடிவு மாறிய விதம்

அறிவிப்பு வந்ததும் குற்றம் சாட்டியவர்கள் கூடத்துக்குள்ளும், பிறகு வெளியிலும் பெருங்கூச்சல் எழுப்பினார்கள். ஒரு நீதிபதி தமக்கு நிறைவில்லை என்றார். இன்னொருவர், இவர்மீது புதிதாகக் குற்றப்பத்திரிகை கொண்டுவருவோம் என்றார். தலைமை நீதிபதி, ஜூரியை வற்புறுத்தமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே, கைதி சொன்ன அந்த வாக்கியத்தைச் சரியாகக் கவனித்தீர்களா என்று கேட்டார். 'எங்களோடு' என்றால் சூனியக்காரர்களாகிய எங்களோடு என்பது அவர் குறிப்பு.

ஜூரியில் சிலர் மறுபடி கலந்துபேச விரும்பினார்கள், அனுமதி கிடைத்தது. அடுத்து நடந்ததற்கு நம்மிடம் நேரடிச் சான்று இருக்கிறது. ஜூரித் தலைவர் ஜூலை 4-ஆம் நாள் குடும்பத்தார் கேட்டதற்கு இணங்க எழுதிக் கொடுத்த விளக்கத்தில், அந்தச் சொற்களை எப்படி எடுத்துக்கொள்வது என்று தமக்குத் தெரியவில்லை என்றும், பொருள் சொல்ல அவருக்கே வாய்ப்புத் தர வேண்டும் என்று கருதிக் கூடத்துக்குத் திரும்பி அதைச் சொன்னதாகவும், கைதி எந்தப் பதிலும் சொல்லாமல் நின்றதாகவும், அதன்பின் அந்தச் சொற்களே தமக்கு முதன்மையான சாட்சியமாயின என்றும் குறிப்பிட்டார்.

அதே நாட்களில் மூதாட்டியும் ஒரு விளக்கம் எழுதிக் கொடுத்தார். எங்களோடு சிறையில் இருந்த கைதிகள் என்றே சொன்னேன். ஆகவே உடன்கைதிகளுக்கு எதிராக அவர்கள் சொல்வது சட்டப்படியான சாட்சியம் ஆகாது என்று அப்போதும் கருதினேன், இப்போதும் கருதுகிறேன். எனக்குக் காது சற்று மந்தம், மனம் துக்கத்தால் நிறைந்திருந்தது. என் சொல்லை நீதிமன்றம் எப்படி எடுத்துக்கொண்டது என்று யாரும் எனக்குத் தெரிவிக்கவில்லை. அதனால் விளக்கம் சொல்ல வாய்ப்பில்லாமல் போயிற்று என்பதே அதன் சாரம்.

இந்த இரண்டு தாள்களையும் அடுத்தடுத்து வைத்து வாசிக்கும்போது எனக்கு ஏற்படும் வேதனையை மறைக்க விரும்பவில்லை. ஜூரித் தலைவர் கெட்ட எண்ணம் கொண்டவரல்லர். கேட்க வேண்டிய கேள்வியைத்தான் அவர் கேட்டார். அது அந்த மூதாட்டியின் காதில் விழவில்லை.

அந்த முடிவுகளுக்குக் காரணம்

தீர்ப்பைப் பதிவு செய்வதற்கு முன் ஜூரியை மறுபரிசீலனைக்கு அனுப்பும் அதிகாரம் அக்கால நீதிபதிகளுக்கு இருந்தது. ஆகவே ஸ்டௌட்டன் செய்ததைச் சட்டமீறல் என்று சொல்ல முடியாது. தீர்ப்புக்காக ஜூரியை அபராதத்தாலோ சிறையாலோ தண்டிக்கக்கூடாது என்பது இங்கிலாந்தில் 1670-ஆம் ஆண்டு புஷல் வழக்கிலேயே நிலைபெற்றிருந்தது. சேலெமில் யாரும் ஜூரியை மிரட்டவும் இல்லை. தலைமை நீதிபதியின் மதிப்பும், கூடத்தின் கூச்சலும், எல்லையில் நடந்த போரின் அச்சமும் சேர்ந்து, மிரட்டல் செய்யக்கூடிய வேலையைச் செய்துவிட்டன. நிரபராதியின் உருவைப் பிசாசு எடுக்கக் கடவுள் அனுமதிக்கமாட்டார் என்று ஸ்டௌட்டன் உறுதியாக நம்பினார்; அப்படி நம்புகிறவருக்கு ஜூரியின் முதல் முடிவு பிழையாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

ஜூலை 3-ஆம் நாள் திருவிருந்துக்குப் பின் சேலெம் நகரச் சபை ஒருமனதாக வாக்களித்து, அன்று பிற்பகல் அவரை நேரில் நிறுத்திச் சபையிலிருந்து விலக்கியது. சிறைவாசத்தையோ தூக்கையோவிட இதுவே அவரை அதிகமாக நோகச் செய்திருக்கும் என்று எண்ணுகிறேன். அவருடைய நம்பிக்கையின்படி இது இம்மையோடு முடிகிற தண்டனை அல்ல.

குடும்பம் ஆளுநரிடம் போயிற்று. ஃபிப்ஸ் தண்டனையை நிறுத்திவைத்தார். செய்தி பரவியதும் குற்றம் சாட்டியவர்களின் கூச்சல் மறுபடி எழுந்தது. சேலெமின் பெரிய மனிதர்கள் சிலர் வற்புறுத்த, ஆளுநர் தம் ஆணையைத் திரும்பப் பெற்றார். ஜூலை 19-ஆம் நாள், அந்த அமர்வில் தண்டிக்கப்பட்ட மற்ற நால்வரோடு அவரும் தூக்கிலிடப்பட்டார். இரவில் பிள்ளைகள் உடலை எடுத்துப்போய்ப் பண்ணையில் அடக்கம் செய்ததாகக் குடும்ப வழக்கு சொல்கிறது.

பின்விளைவு

இரண்டாவது சகோதரி, அதாவது பிரசங்கத்திலிருந்து வெளியேறியவர் அல்லாத மற்றவர், செப்டம்பர் 22-ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். அக்டோபர் தொடக்கத்தில் பாஸ்டனின் மூத்த போதகர் இன்க்ரீஸ் மாதர், ஒரு நிரபராதி தண்டிக்கப்படுவதைவிடச் சூனியம் செய்ததாகச் சந்தேகிக்கப்படும் பத்துப் பேர் தப்புவது மேல் என்று வாதிட்டார். அம்மாத இறுதியில் ஆளுநர் சிறப்பு நீதிமன்றத்தைக் கலைத்தார். 1693 ஜனவரியில் கூடிய புதிய உயர் நீதிமன்றம் ஆவியுருச் சாட்சியத்தை ஏற்கவில்லை; தண்டனை பெற்றவர்கள் மூவர் மட்டுமே; அவர்களுக்கும் ஃபிப்ஸ் தண்டனையை நிறுத்திவைத்தார்.

1697 ஜனவரி 14 உபவாச நாளாக அறிவிக்கப்பட்டது. நீதிபதி சாமுவேல் சூவல் தம் தேவாலயத்தில் எழுந்து நிற்க, அவர் எழுதிய குற்ற ஒப்புதலைப் போதகர் வாசித்தார். அக்காலத்து ஜூரி உறுப்பினர்கள் பன்னிரண்டு பேர், தங்களுக்கு அறிவு போதவில்லை, பிறர் சரியாக அறிவுறுத்தவும் இல்லை, அதனால் ஏமாந்தோம் என்று எழுதி மன்னிப்புக் கேட்டார்கள். அதில் முதலாவதாகக் கையெழுத்திட்டிருப்பவர் இவ்வழக்கின் ஜூரித் தலைவர். ஸ்டௌட்டன் கடைசிவரை தவற்றை ஒப்புக்கொள்ளவில்லை. 12 வயதில் சாட்சி சொன்ன பெண், 1706-இல் சபை முன் மன்னிப்புக் கேட்டபோது மூதாட்டியையும் அவருடைய இரு சகோதரிகளையும் தனியே குறிப்பிட்டார். 1711-இல் சட்டமன்றம் தண்டனையை ரத்துசெய்து குடும்பத்துக்கு 25 பவுண்டு வழங்கியது. 1712-இல் சேலெம் நகரச் சபை, அவர் நினைவுக்கு இழுக்காகவும் அவர் பிள்ளைகளுக்குத் துயரமாகவும் இனி இருக்க வேண்டாம் என்று சொல்லிச் சபை விலக்கத்தை நீக்கியது.

மாற்றியிருக்க வேண்டியவை

பிற்காலத்து அறிவைக் கொண்டு அக்காலத்தவரைக் குறைசொல்வது எளிது என்ற மறுப்பு இங்கே எழும். இவ்வழக்கில் அந்த மறுப்பு நிற்காது என்பதே என் கருத்து. தேவைப்பட்ட மாற்றங்களில் பெரும்பாலானவற்றை அந்த ஆண்டிலேயே யாரோ ஒருவர் எழுத்தில் கேட்டிருந்தார்கள். கூச்சலும் கூட்டமும் வேண்டாம் என்று போதகர்கள் ஜூன் 15-இலேயே சொன்னார்கள். அதன்படி குற்றம் சாட்டியவர்கள் கூடத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தால், முதல் முடிவு அமைதியாகப் பதிவாகியிருக்க வாய்ப்புண்டு. உடற்சோதனையில் மூத்த பெண்மணியின் மாற்றுக் கருத்து இருந்தது. அதைப் பதிவுசெய்து மறுசோதனை நடத்தியிருக்கலாம். 'தெளிவில்லை' என்று சொல்லும் மரபு அந்தக் குடியேற்றத்தின் சட்டத்திலேயே இருந்தது. ஜூரித் தலைவரின் மனநிலை அன்று அதுவாகவே இருந்தது. தண்டனையை நிறுத்திவைத்த ஆணைக்கும் அதைத் திரும்பப் பெற்றதற்கும் ஆளுநர் காரணங்களை எழுத்தில் தந்திருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் அருகில் ஒருவர் இருந்திருக்க வேண்டும். மூதாட்டியின் இரு சகோதரிகளும் நீதிபதிகளுக்கு எழுதிய மனுவில், எங்கள் வழக்கை நாங்களே வாதாட எங்களுக்குத் திறமில்லை, வழக்கறிஞர் வைக்கவும் அனுமதியில்லை, ஆகவே நீதிபதிகளாகிய நீங்களே எங்களுக்கு ஆலோசகராகவும் இருந்து, தேவையான இடத்தில் வழிகாட்டுங்கள் என்று கேட்டிருந்தார்கள். அந்த நிலையில் ஒருவர் இருந்திருந்தால், ஜூரியின் கேள்வியை மூதாட்டியின் காதருகே உரக்கத் திரும்பச் சொல்லியிருப்பார். அதற்குரிய பதில் அவரிடம் அன்றே இருந்தது. தூக்குக்குப் போகுமுன் இரண்டாவது சகோதரி மீண்டும் எழுதினார். தம் உயிருக்காகக் கேட்கவில்லை, நிரபராதிகளின் இரத்தம் இனியும் சிந்தப்படாதிருக்கக் கேட்கிறேன், குற்றம் சாட்டுகிறவர்களைச் சில காலம் தனித்தனியே வைத்து விசாரியுங்கள் என்றார். அந்த யோசனையை நீதிமன்றம் ஏற்கவில்லை. பிரசங்கத்திலிருந்து வெளியேறிய மூன்றாவது சகோதரிமீதான குற்றப்பத்திரிகைகளை, வழக்கை விசாரணைக்கு எடுக்கலாமா என்று முடிவுசெய்யும் பெருஞ்ஜூரி 1693 ஜனவரியில் புதிய நீதிமன்றத்தில் ஏற்க மறுத்தது. அவர் உயிரோடு வீடு திரும்பினார்.